மனைக் கோழி

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டொன்றில் ஒரு காட்சி வருகிறது. மாலைப் பொழுது வந்துவிட்டது. வேலியோரத்தே காட்டுப் பூனைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. வீட்டில் வளரும் பெட்டைக் கோழி அவற்றைக் கண்டு நடுங்குகிறது. எங்கே புகுந்து உய்வது என்று அதற்குத் தெரியவில்லை. குஞ்சுகளைத் தன்னிடம் சேர்க்கும்பொருட்டுத் துயரம் தோன்றக் கூவுகிறது. புலவர் இக் காட்சியை உவமையாக எடுத்தாண்டார். எதற்கு உவமை என்பதை அகப்பொருள் பயிலும் காலத்தில் மாணவர் அறிந்துகொள்வர். கோழியை அருகிருந்து நோக்கிய ஒருவருக்கன்றி இவ்வுவமை தோன்றியிராது என்பது மட்டும் இப்போதே விளங்கும்.

மாலையில் புகுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே, தன்னை வளர்ப்பாரிடம் கோழிக்கு உள்ள முதல் தேவை. தீனியில் ஒரு பகுதியை அது தானே தேடிக்கொள்ளும். கூட்டின் கதவைத் தானே சாத்திக்கொள்ள அதனால் இயலாது. கோழி வளர்க்கத் தொடங்குவோர் பலர் கோழியை முதலில் வாங்கிவிட்டுக் கூட்டைப் பற்றிப் பிறகு எண்ணுகின்றனர். சில நாள் கழித்து ஒரு காலையில், கொல்லையில் இறகுகள் மட்டுமே சிதறிக் கிடக்கக் காண்கின்றனர்.

கோழியின் முன்னோர் காட்டில் வாழ்ந்தவை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரிந்த செங்காட்டுக் கோழியே வீட்டுக் கோழிக்கு மூலம் என்பது அறிஞர் துணிபு. தாய்லாந்து நாட்டில் பான் நான் வாட் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த கோழி எலும்புகள் கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரையிலான காலத்தவை என 2022 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. நெல்லும் தினையும் விளைவித்த மக்களின் களங்களில் சிந்திய தானியத்தை நாடிக் காட்டுக் கோழி தானாகவே அவர்களருகில் வந்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பற் காட்டுக் கோழிக்கும் இவ்வுறவில் ஒரு பங்கு உண்டு. வீட்டுக் கோழிகள் பலவற்றின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு அதன் வழியே வந்தது என்பது 2008 இல் தெரியவந்தது.

தானியத்தைத் தேடி வந்த அப் பழக்கம் கோழியை விட்டு இன்றும் நீங்கவில்லை. முற்றத்தில் உலர வைத்ததைத் தின்ன வந்த கோழியை ஓட்டுதற்குப் பட்டினத்து மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்தனர் என்றும், அக்குழை சிறுவர் உருட்டி விளையாடிய மூன்றுருளைத் தேரைத் தடுத்தது என்றும் பட்டினப்பாலை கூறும். புலவர் இதனால் உணர்த்த விரும்பியது காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வம். ஆயினும், அந்நகரத்து மகளிரும் இன்றைய சிற்றூர்ப் பெண்களைப் போலவே கோழியோடு போராடினர் என்பதும் இதனால் விளங்குகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. கோழி ஒன்று யானையைப் பொருது வென்ற இடத்தில் அவ்வூர் எழுந்தது என்பது பழங்கதை. வாரணம் என்னும் சொல் யானையையும் குறிக்கும், கோழியையும் குறிக்கும். அவ்விரண்டும் போரிட்ட கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

இனி, வளர்க்கும் முறைக்கு வருவோம்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு மூன்று அல்லது நான்கு பெட்டைகள் போதும். ஒற்றைக் கோழியை வளர்த்தல் நன்றன்று, கோழி கூட்டமாக வாழும் இயல்பினது, தனித்தால் வாடும். சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை உண்ணுதற்கு உரியதே. குஞ்சு மட்டும் பொரிக்காது. வீடுகள் நெருங்கிய தெருவில் வாழ்வோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். விடியற்கு முன் கூவும் சேவலை எல்லா அண்டை வீட்டாரும் விரும்புவர் என்று சொல்வதற்கில்லை.

பெண் கோழிக்குப் பெட்டை, பேடு, அளகு என்னும் பெயர்கள் உள்ளன. அளகு என்பது கோழிக்கும் கூகைக்குமே உரியது என்று தொல்காப்பிய மரபியல் வரையறை செய்கிறது. அளகை வாங்கும்போது அதன் கண், கொண்டை, கால் என்னும் மூன்றையும் நோக்க வேண்டும். கண் தெளிந்து ஒளியுடன் இருத்தல் வேண்டும். கொண்டை சிவந்திருத்தல் வேண்டும். காலின் செதில்கள் படிந்து வழவழப்பாக இருக்குமாயின் வயதில் இளையது. தடித்துத் தூக்கி நின்றால் முதியது. கழிவாயின் இருபுறத்தும் உள்ள இடுப்பெலும்புகளுக்கு இடையே இரண்டு விரல் அகலம் இருந்தால் அது முட்டையிடும் கோழி. சந்தையில் வாங்கிய கோழியை உடனே பழைய கோழிகளோடு சேர்க்கலாகாது. இரண்டு வாரமேனும் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெளிந்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

நம் நாட்டுக் கோழிகளுள் சிறுவிடை முட்டைக்கும் அடைக்கும் ஏற்றது. பெருவிடை உடல் பருத்தது. நந்தனம் கோழி, வனராஜா முதலியன ஆராய்ச்சி நிலையத்தார் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. இவை மிகுதியாக முட்டையிடும். நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டில் வளரும் வெள்ளைக் கோழி 300 முட்டை வரையும் அதற்கு மேலும் இடும். இவ்வெண்களை ஒப்பிட்டு நாட்டுக் கோழியை இகழ்தல் கூடாது. பண்ணைக் கோழி அடைகாக்க மறந்துவிட்டது. அதன் முட்டையிலிருந்து குஞ்சு வெளிப்பட வேண்டுமாயின் பொறியின் துணை வேண்டும். நாட்டுக் கோழியோ ஆண்டில் சில மாதங்களை முட்டையிடாமல் கழிப்பதே தன் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குதற்கு ஆகும்.

கூடு அமைப்பதில் செலவைவிடக் கருத்தே மிகுதியாக வேண்டும். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் இரவில் தங்குவதற்குப் போதும். தரையினின்று இரண்டடி உயரத்தில், கால்கள் நிறுத்திக் கூட்டை அமைத்தால் மழைநீரும் ஈரமும் அணுகா. அடியில் விழும் எச்சத்தை வாரி எருக்குழியில் இடுவதும் எளிது. உள்ளே குறுக்காக ஒரு கழி வேண்டும். கோழியின் முன்னோர் இரவில் மரக்கிளையில் உறங்கியவை. அவ்வழக்கம் மாறாமையால் இன்றும் அது கழிமேல் அமர்ந்தே உறங்க விரும்புகிறது. காற்று மேற்புறத்தே வந்து செல்லுமாறு வலை அடித்தல் வேண்டும். வலையின் கண் சிறிதாக இருத்தல் இன்றியமையாதது. பெரிய கண்ணுள்ள வலை கோழியை வெளியே விடாது. ஆனால் பாம்பையும் கீரியையும் உள்ளே விடும். மரநாய் தளர்ந்த கதவைத் தள்ளித் திறக்க வல்லது. ஆதலால் கயிற்றால் கட்டுவதைவிடத் தாழ்ப்பாள் இடுவதே தக்கது. முட்டையிடுதற்கு, வைக்கோல் பரப்பிய கூடையோ வாயகன்ற பழம்பானையோ இருள் சூழ்ந்த மூலையில் வைத்தால் போதும்.

புதிய கோழிகளை முதல் மூன்று நான்கு நாள் கூட்டிலேயே அடைத்து வைத்துத் தீனியும் நீரும் தருதல் வேண்டும். அதன் பின்னர்க் கதவைத் திறந்துவிட்டால், மாலையில் அவை தாமே அக்கூட்டுக்கு மீண்டு வரும். இதைப் பொறுமையின்றி முதல் நாளே திறந்து விட்டவர், இருட்டிய பின் விளக்கேந்தி வேலிதோறும் தேடுவர்.

தீனியைப் பற்றிச் சொல்லும்போது, மனிதர் கோழியிடம் கற்ற ஒரு பெரும் பாடத்தைச் சொல்லாமல் விடலாகாது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று சகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில், எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்தார். கால் சோர்ந்து விழச் செய்யும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் அத்தகைய நோயால் தள்ளாடி விழுந்தன. பிறகு காரணம் தெரியாமலே அவை நலமுற்றன. ஆராய்ந்தபோது, அவை சில காலம் மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றன என்பதும், பிறகு தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றப்பட்டன என்பதும் தெரியவந்தன. நோய்க்குக் காரணம் கிருமியன்று, தவிட்டோடு நீங்கிய ஒரு சத்தின் குறைவே என்னும் உண்மை இவ்வாறு வெளிப்படலாயிற்று. அச்சத்தே பின்னர் உயிர்ச்சத்து பி1 எனப்பட்டது. எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழிக்குத் தவிடு வைக்கும் வீட்டார், வெண்சோற்றைத் தாம் உண்டு அதைவிடச் சத்துள்ளதைக் கோழிக்கு வைக்கின்றனர் என்பதை எண்ணினால் நகைப்பு உண்டாகிறது.

தவிட்டோடு கம்பு, சோளம், நொய் ஆகியவற்றுள் கிடைப்பதைக் கலந்து காலையும் மாலையும் இடலாம். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை முதலியவற்றைக் கட்டித் தொங்கவிட்டால் தாவித் தாவிக் கொத்தும். பூஞ்சணம் பூத்த தானியத்தையும் பிண்ணாக்கையும் ஒருபோதும் இடலாகாது. 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குப் பூஞ்சண நஞ்சேறிய நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமாயிற்று. குஞ்சுகளுக்குக் கறையான் சிறந்த உணவு. பழம்பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கறையான் உள்ள நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலையில் பானையுள் கறையான் மொய்த்திருக்கும். இச்சிக்கனமான முறை நம் உழவர் கண்டது.

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியத்தை அரைவைப் பையில் உள்ள சிறு கற்களே அரைக்கின்றன. ஆகவே அது மணலைக் கிளறிப் பரலை விழுங்குவதைத் தடுக்கக் கூடாது. சாம்பலும் புழுதியும் கலந்த ஒரு குழியும் வேண்டும். அதில் புரண்டு சிறகை உதறுவதனால் பேனும் செள்ளும் நீங்கும். கோழிக்கு அதுவே குளியல். நிழலில் வைத்த தூய நீர் எந்நாளும் வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழிக்குத் தீனியைவிட நீரே முதன்மையானது.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் வரை ஓட்டுக்கே செலவாகிறது. ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. தீனியில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓட்டைச் செய்கிறது. கிளிஞ்சலையோ, காயவைத்துப் பொடித்த முட்டையோட்டையோ தனியே ஒரு தட்டில் வைத்தால் தனக்கு வேண்டுமளவு அது கொத்திக்கொள்ளும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நாளினும் சிறிது மிகுதியான நேரம் ஆவதால், முட்டையிடும் வேளை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பின்தள்ளிப் போகும். பின்னர் ஒரு நாள் முட்டையே இராது. அன்று கோழியை வைவது முறையன்று.

பதினைந்து முட்டையளவில் இட்ட பின்னர்க் கோழியின் நடையும் குரலும் மாறும். உடல் சூடேறும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு வைக்கோற் கூடையைவிட்டு எழ மறுக்கும். இதுவே அடைக்குக் குறி. ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளுள் கோழியின் உடல் மூடத்தக்க அளவு, பத்து அல்லது பன்னிரண்டு வைத்தல் தகும். ஆசையினால் இருபது வைத்தால் ஓரத்தில் உள்ளவை சூடின்றிக் கெடும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் கருக்கொண்ட முட்டையுள் செந்நிற நரம்புகள் சிலந்தி வலை போல் தோன்றும். ஒன்றும் தோன்றாததை நீக்கிவிடலாம்.

அடைக்கோழி 21 நாள் இருக்கும் இருப்பு வியக்கத்தக்கது. நாளுக்கு ஒரு முறை இறங்கி, விரைந்து தின்று, நீர் பருகி, எச்சமிட்டு மீளும். முட்டைகளைப் பகலும் இரவும் பல முறை அலகால் புரட்டும். புரட்டாவிடில் கரு ஓட்டோடு ஒட்டி இறக்கும். அந்நாட்களில் அதன் உடல் மெலிந்துவிடும். பொரிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே குஞ்சு முட்டையினுள் இருந்து குரல் கொடுக்கும். தாய் மெல்லிய ஒலியால் விடை கூறும். ஒருவரை ஒருவர் காணும் முன்னரே தாயும் சேயும் பேசத் தொடங்குகின்றனர். ஓட்டை உடைக்கப் போராடும் குஞ்சுக்கு உதவுவதாக எண்ணிச் சிறுவர் ஓட்டைப் பிய்த்தல் கூடாது. இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கும். வெளிவந்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் தீனி இல்லாவிடினும் தீங்கில்லை. முட்டையின் மஞ்சட் கருவை வயிற்றினுள் வாங்கிக்கொண்டே அது பிறக்கிறது.

வானத்தே பருந்து தோன்றினால் தாய் எழுப்பும் குரல் வேறு. தரையில் பூனை வந்தால் எழுப்பும் குரல் வேறு. முதற் குரல் கேட்டால் குஞ்சுகள் பதுங்கும். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பது பழமொழி. ஆயினும் பருந்துக்கு அப்பழமொழி தெரியாது. முதல் ஒரு மாதம் பகலிலும் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் கவிழ்த்துக் காத்தல் வேண்டும்.

கோழிக்கு அறிவில்லை என்று சொல்பவர் அதனோடு பழகாதவர். நார்வே நாட்டில் செல்டெரூப் எப்பே என்னும் சிறுவன் தன் வீட்டாரின் கோழிகளை நாள்தோறும் உற்று நோக்கி, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வந்தான். ஒரு கூட்டத்தில் முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவது நீங்கலாக மற்றவற்றைக் கொத்தும். கடைக்கோழி எதனையும் கொத்தாது என்னும் வரிசையை அவன் கண்டான். வளர்ந்த பின் அதனை ஆய்வாக எழுதினான். 1922 இல் அது வெளிவந்தது. விலங்குகளின் கூட்டு வாழ்வை ஆராய்வோர் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். அவனுக்கு வேண்டியிருந்த கருவிகள் ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. புதிய கோழியைப் பழைய கூட்டத்தில் விட்டால் சில நாள் கொத்தும் குழப்பமும் நேர்வது இவ்வரிசை கலைவதனால்தான். கடைக்கோழிக்குத் தீனி கிடைக்கும்படி இரண்டு மூன்று இடங்களில் இறைத்தல் வளர்ப்பவர் கடமை.

நாள்தோறும் தீனியிடும் கையையும் குரலையும் கோழி அறியும். பள்ளிவிட்டு வரும் பிள்ளையை எதிர்கொண்டு ஓடிவரும் கோழிகளைச் சிற்றூர்களில் காணலாம். தனித்து வாழும் முதியோர் பலர்க்கு, பகல் முழுதும் காலைச் சுற்றித் திரியும் இரண்டு கோழிகளே பேச்சுத் துணை. முட்டையின் விலையால் இத்துணையை அளக்க இயலாது. ஆகவேதான், பேரிட்டு அழைத்த கோழி முட்டையிடுவதை நிறுத்தும் நாளில் என்ன செய்வது என்பதைத் தொடங்கும்போதே வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அதைப் பிள்ளைகளிடம் மறைத்துச் செய்வது நேர்மையாகாது.

இனி நோயைப் பற்றிக் கூற வேண்டும். கோழிகளுக்கு வரும் நோய்களுள் கொடியது வெள்ளைக் கழிச்சல். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகே 1926 இல் காணப்பட்டமையால் அவ்வூர்ப் பெயரும், பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேத்தில் காணப்பட்டமையால் அவ்வூர்ப் பெயரும் அதற்கு வழங்குகின்றன. நோயுற்ற கோழி தீனி எடாது, மூச்சுத் திணறும், வெண்மையும் பசுமையுமாகக் கழியும், சிறகு தொங்கிக் கழுத்துத் திருகும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாமற் போவதுண்டு. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. ஏழு நாட் குஞ்சாக இருக்கும்போது கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவதே காப்பு. கால்நடை மருந்தகத்தை அணுகினால் முறை கூறுவர். கோழியையும் முட்டையையும் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல், வளர்ப்போர் தம் நலத்திற்குச் செய்ய வேண்டுவது.

இந்நோய் ஊருக்குள் நுழைந்த நாளில் பலர் செய்யும் ஒரு செயல் உண்டு. இரண்டு கோழி இறந்தவுடன், எஞ்சியவை நிற்கும்போதே அவற்றைச் சந்தைக்குக் கொண்டு சென்று கிடைத்த விலைக்கு விற்றுவிடுகின்றனர். வறியவர் தம் பொருள் முழுதும் கண்முன் அழியப் பார்த்திருத்தல் எளிதன்று. அவர் துன்பம் மெய்யானது. ஆயினும், பார்வைக்கு நலமாகத் தோன்றும் அக்கோழிகளோடு நோயும் விலையாகிப் பத்து ஊர்களுக்குப் பரவுகிறது. வாங்கியவளும் ஒரு வறியவளே. அவள் கூட்டில் இருந்தவையும் அடுத்த வாரம் மடிகின்றன. இறந்தவற்றை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதும், எஞ்சியவற்றை வெளியே விடாமல் அடைத்து வைப்பதும், மருந்தகத்துக்குச் செய்தி சொல்வதும் கடினமானவை. வேறு நேர்வழி இல்லை. கூட்டைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு பூசி, வெயிலில் காயவிட்டு, சில மாதம் பொறுத்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

மாலை நேரத்தில் ஒளி குறையும்போது கோழிகள் எங்கே மேய்ந்தாலும் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதற்கோழி முதலில் ஏறி நல்லிடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைக்கோழி வாசலில் சிறிது நின்று, உள்ளே பார்த்து, பின் நுழையும். தாய்க்கோழி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இறுதியில் வரும். அவ்வேளையில் வீட்டில் உள்ள ஒருவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண் குறைந்தால், இருட்டும் முன் வேலிப்பக்கம் சென்று தேட வேண்டும். எண் சரியாக இருந்தால் தாழ்ப்பாளை இட்டு, அது பொருந்தியதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே செல்லலாம்.